சாய்த்துப் பார்க்கிற அக்கா

அக்கா எதையும் நேராகப் பார்த்து நான் கண்டதில்லை. ஒரு தட்டு கைக்கு வந்தால் முதலில் அதைக் காகித உறையோடு முகர்ந்து பார்ப்பார். பிறகு உறையிலிருந்து உருவி, விளிம்பை மட்டும் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் பிடித்து, ட்யூப்லைட்டுக்குக் கீழே சாய்ப்பார். ஒரு கண் மூடியிருக்கும். விற்கிறவர் யாராக இருந்தாலும் அந்த நேரத்தில் பேச்சு நின்றுவிடும். ஒரு தப்பும் செய்யாதவர்கள்கூட எச்சில் விழுங்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

"கழுவியிருக்காங்க," என்பார் கடைசியில். சோப்புத் தண்ணீரில் கழுவிய தட்டு பார்க்கப் பளிச்சென்று இருக்கும், முள் ஓடும்போதுதான் இரையும் என்பது அவர் கட்சி. சரி, கழுவாமல் தூசியோடு ஒரு தட்டு வந்தால் விட்டுவிடுவாரா? "ஏன் கழுவல? கீறல் தெரிஞ்சிடும்னா?" என்பார். அவரிடம் பாஸான தட்டு என்று ஒன்றுமே கிடையாது. சந்தேகம் தீராமலேயே வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

தட்டு என்று நான் சொல்வது ஏழு அங்குல ரெக்கார்டை. சிங்கிள் என்பார்கள். பக்கத்துக்கு ஒரு பாட்டு, நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து சுற்று. நான் பிறப்பதற்கு முன்பே சண்டை போட்டுப் பிரிந்துபோன ஒரு இங்கிலீஷ் ராக் குழுவின் சிங்கிள்களை மட்டும்தான் அக்கா சேர்த்தார். அதிலும் நம் நாட்டில் அச்சடித்தவை மட்டும். நீண்ட முடி வைத்த அந்த நாலு பேரையும் 'நம்ம பசங்க' என்பார். பெரிய எல்பி தட்டுகளைத் தொடமாட்டார். எல்பி என்பது கல்யாணச் சாப்பாடு, வேண்டாததும் இலையில் வந்து விழும் என்பார். உலகத்தில் அவர் சந்தேகப்படாத ஆட்கள் அந்த நாலு பேர்தான். இல்லை, மூன்று பேர். டிரம்ஸ் அடிக்கிறவன் பார்வை சரியில்லை, குழு உடைந்ததற்கு அவன்தான் காரணமாக இருக்கும் என்று ஒருமுறை கோபமாகச் சொன்னார்.

புனே கேம்ப் பக்கம் அக்காவும் நானும் வேலை பார்க்கிற இன்சூரன்ஸ் அலுவலகம். பணம் கேட்டு வரும் விண்ணப்பத்தில் இருக்கிற கையெழுத்தும் பழைய பாலிசியில் இருக்கிற கையெழுத்தும் ஒரே ஆள் போட்டதுதானா என்று பார்ப்பது அக்காவின் வேலை. அந்த நாற்காலியை அவருக்கென்றே அளவெடுத்துச் செய்தார்கள் என்று அலுவலகத்தில் கிண்டல் செய்வார்கள். டிபன் பெட்டியைப் பூட்டி வைப்பார். மேனேஜர் தன் பிறந்தநாளுக்குக் கேக் கொடுத்தால், "போன வருஷம் கொடுக்கலியே, இப்ப என்ன?" என்று என் காதில் சொல்வார், ஆனால் சாப்பிட்டுவிடுவார்.

கல்யாணமாகிப் புனே வந்து அந்த வேலையில் நான் சேர்ந்த முதல் வாரம். போனில் அம்மாவோடு தமிழில் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு வந்து, எந்த ஊர் என்று கேட்டார். பாளையங்கோட்டை என்றேன். "நெஜமாவா?" என்றார். சொந்த ஊர் விஷயத்தில் எவளாவது பொய் சொல்வாளா? எனக்குச் சுருக்கென்றது. பிறகுதான் அது அவர் எல்லாவற்றுக்கும் கேட்கிற கேள்வி என்று தெரிந்தது. மழை பெய்கிறது என்றாலும் நெஜமாவா என்பார்.

அவருடைய தாத்தா ரயில்வே வேலைக்கென்று அரக்கோணம் பக்கத்திலிருந்து வந்தவர். மூன்று தலைமுறையாகப் புனேயில் கோர்படிப் பகுதியில்தான் வாசம். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவர் தமிழில் பாதி இந்தி கலந்திருக்கும். போலி என்று சொல்லவே மாட்டார், நக்லி என்பார். ஒரு நாளைக்கு எத்தனை நக்லி என்று எண்ணுவதை நான் முதல் மாதத்திலேயே விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல் ஆராதனை முடிந்ததும் எனக்குப் போன் வரும். ஜூனா பஜாருக்குப் போவோம். துருப்பிடித்த பூட்டு, பழைய கேமரா, பித்தளைக் குழாய் என்று தரையில் விரித்துப் போட்டிருக்கும் சாமான்களுக்கு நடுவே எங்காவது ஒரு அட்டைப் பெட்டியில் சிங்கிள்கள் இருக்கும். எனக்கு அங்கே ஒரே வேலை. "நீ இந்தப் பக்கம் நில்லு. அவன் மூஞ்சியப் பாக்காத, கையப் பாரு," என்பார். பேரம் முடிந்து, காகிதத்தில் சுற்றும்போது தட்டை மாற்றிவிடுவார்கள் என்பது அவர் பயம். நான்கு வருஷம் ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் கைகளைப் பார்த்தேன். ஒருவர்கூட மாற்றவில்லை. ஆனால் பார்த்துப் பார்த்து, காய்கறிக்காரர் தராசில் தக்காளி போடும்போதும் கையைப் பார்க்கிற புத்தி எனக்கு ஒட்டிக்கொண்டது.

அந்தத் தட்டுகளில் பெரும்பாலும் யாருடைய பெயராவது இருக்கும். கோர்படி, கட்கி பக்கத்து வீடுகளில் அந்தக் காலத்து இளவட்டங்கள் பார்ட்டிக்குப் போகும்போது தங்கள் சிங்கிள்களைக் கையோடு கொண்டுபோவார்களாம். எல்லாம் ஒரே கறுப்பு வட்டம். ஆட்டம் முடிந்து கிளம்பும்போது யாருடையது எது என்று சண்டை வராமலிருக்க, நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளில் பேனாவால் பெயர் எழுதிவைப்பார்கள். அக்கா அந்தப் பெயர்களைப் படித்துவிட்டு விசாரணையைத் தொடங்குவார். இந்த ஆள் வானவடிக்காரர் ஆயிற்றே, இவர் தட்டு எப்படி இங்கே வந்தது? விற்றாரா, இல்லை, எவனாவது அடித்துக்கொண்டு வந்தானா? சம்பந்தப்பட்டவர் ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்து நாற்பது வருஷம் ஆகியிருக்கும்.

ஒருநாள் பாணேரிலிருந்து ஒரு ஐடி பையன் அக்கா வீட்டுக்கு வந்தான். தமிழ்ப் பையன்தான், தமிழ் பேசினால் ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று யோசிப்பான். இப்போது இந்தத் தட்டுகளுக்கு மறுபடியும் மவுசு வந்துவிட்டதல்லவா, இன்டர்நெட்டில் வாங்கிய ஒன்றைப் பெருமையாகக் காட்ட வந்தான். அக்கா விளிம்பில் நகத்தை ஓட்டினார். போன வருஷம் அச்சடித்தது, நக்லி, எவனோ லேபிளைக் கலர் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டியிருக்கிறான் என்றார். பையன் முகம் செத்துப்போனது. எனக்குப் பாவமாக இருந்தது. அவன் போன பிறகு, "அவனுக்குத் தெரிஞ்சேதான் கொண்டாந்திருக்கான். நமக்குத் தெரியுதான்னு பாக்கறான்," என்றார். எனக்கு அன்று அவர்மேல் கோபம் வந்தது.

இப்படிப்பட்டவரோடு எதற்கு நான்கு வருஷம் சுற்றினேன் என்று என் கணவர் கேட்பார். வீட்டில் என் மாமியார் முதல் வாட்ச்மேன் வரை எல்லோரும் என்னோடு பேசுவது இந்தியில் அல்லது மராத்தியில். வாரத்தில் ஒரு நாள் யாரையாவது தமிழில் வாய் நிறையத் திட்ட அக்காதான் துணை. அதுமட்டும் இல்லை. அவர் வீட்டு முன்னறையில் என்னை உட்காரவைத்து, பெட்டிகளைத் திறந்து, ஒரு தட்டை ஓடவிட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். பாட்டு முடிகிற மூன்று நிமிஷமும் அந்த முகத்தில் ஒரு சந்தேகமும் இருக்காது. எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

பிடித்திருந்தும் ஒரு விஷயம் உறுத்தியது. பழைய வீடுகளுக்குத் தட்டு பார்க்கப் போகும்போது அக்கா தன் பையில் அதே பாட்டின் தேய்ந்த தட்டு ஒன்றை எடுத்துப்போவார். பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க என்பார். ஒருமுறை வானவடியில் ஒரு வீட்டில் அவர் இரண்டு கையிலும் இரண்டு தட்டு வைத்திருந்தார். வீட்டம்மா தண்ணீர் எடுக்க உள்ளே போயிருந்தார். பழக்கதோஷம், நான் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கணம், அந்த வீட்டுத் தட்டு எது, அக்காவுடையது எது என்று எனக்கே தெரியாமல் போயிற்று. அக்கா ஒன்றை உறையில் போட்டு மேசைமேல் வைத்தார், மற்றதைப் பைக்குள் வைத்தார்.

இன்னொரு நாள் அவர் பெட்டியில் கைக்கு அகப்பட்ட ஒரு தட்டை எடுத்தேன். லேபிளில் பெயர் இருந்த இடத்தைப் பிளேடால் சுரண்டியிருந்தது. காகிதம் தெரிய ஒரு வடு. இது யாருடையது என்று கேட்டு முடிப்பதற்குள் அக்கா என் கையிலிருந்து அதை வாங்கி உள்ளே வைத்துவிட்டார். அவ்வளவு அவசரமாக அவர் எதையும் வாங்கி நான் பார்த்ததில்லை.

விஷ்ராந்த்வாடியில் எங்கள் கட்டடத்தில் முதல் மாடியில் ஒரு அங்கிள் இருக்கிறார். ராணுவத் தளவாடக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நானும் கணவரும் வேலையிலிருந்து திரும்பும்வரை என் மகள் பள்ளிக்கூடம் விட்டு அவர் வீட்டில்தான் இருப்பாள். அவர் மனைவி ஸ்டெல்லா ஆன்ட்டி இறந்து இரண்டு வருஷம். முன்னறை ஷோகேஸில் ஆன்ட்டியின் படத்துக்குப் பக்கத்தில் ஒரு சிங்கிள் சாய்த்து வைத்திருக்கும். உறையின் நடுவில் வட்டமாக வெட்டிய ஓட்டை வழியாக லேபிள் தெரியும். அதில் ஊதா மையில் 'ஸ்டெல்லா' என்று எழுதி அடியில் ஒரு கோடு. தட்டை அங்கே சாய்த்து வைத்ததும் ஆன்ட்டிதான். அங்கிள் அதைத் தொடுவதே இல்லை, கண்ணாடியை மட்டும் துடைப்பார்.

அது நம்ம பசங்க தட்டு என்று அக்காவிடம் வாய் தவறிச் சொன்னவள் நான்தான். மறுவாரமே வந்துவிட்டார். விலைக்குக் கிடையாது, பார்ப்பதானால் பாருங்கள் என்று அங்கிள் ஷோகேஸைத் திறந்துவிட்டார். அக்கா எடுத்துச் சாய்த்தார். அந்த நேரம் பார்த்து மகளின் கிளாஸ் டீச்சர் போன் செய்தார், நான் பால்கனிக்குப் போனேன். அங்கிள் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொள்ள உள்ளே போயிருக்கிறார். நான் திரும்பி வந்தபோது தட்டு ஷோகேஸுக்குள் இருந்தது. அக்கா பையை மூடிக்கொண்டிருந்தார்.

நாலாம் நாள் மகளைக் கூட்டிவரப் போனேன். அங்கிள் என்னை ஷோகேஸ் முன்னால் நிற்கவைத்தார். உறை அதே உறை. ஓட்டை வழியாகத் தெரிந்த லேபிளில் பெயர் இல்லை. கோடும் இல்லை. வெறும் அச்செழுத்து.

"உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்லம்மா," என்றார் இந்தியில். "நீங்க கூட்டிட்டு வந்தவங்க, அதான் சொல்றேன். வேற தட்டு போயிருந்தாலும் பரவால்ல. அதுல அவ கையெழுத்து இருந்துச்சு."

அவர் சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். எப்போதும் ஷோகேஸ் கதவிலேயே தொங்குகிற சாவி அன்று காணோம். என் மகள் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். நாளைக்கு இவளை இங்கே விட எனக்கு முகம் இருக்குமா என்று நினைத்தேன். அக்காமேல் எனக்கு இருந்த பிரியமெல்லாம் அந்த இடத்திலேயே வற்றிவிட்டது. வானவடி வீடு, தேய்ந்த தட்டு, சுரண்டிய வடு, எல்லாம் வரிசையாக வந்து பொருந்திக்கொண்டன. நக்லி என்று ஊரையெல்லாம் சொன்னவர் செய்கிற காரியமா இது!

அலுவலகத்தில் கேட்கவில்லை. கேட்டால் சுதாரித்துக்கொள்வார், தட்டை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார். பாருங்கள், எப்படி யோசிக்கப் பழகியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை நானாகக் கோர்படிக்குப் போனேன். அக்காவுக்குச் சந்தோஷம். பாவ் ரொட்டி வாங்கி வருகிறேன், கதவைச் சாத்திக்கொள் என்று கீழே போனார். அந்த வீட்டில் தட்டுகளோடு வேறு யாரையும் அவர் தனியாக விட்டதில்லை. அவருடைய சொந்தத் தம்பி வந்தால்கூட அறையைப் பூட்டுவார். அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் பெட்டிகளைத் திறந்தேன்.

ஸ்டெல்லா ஆன்ட்டி தட்டில் இருக்கிற அதே பாட்டுக்கு மூன்று தட்டுகள் இருந்தன. செல்போன் டார்ச்சில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இரண்டில் வேறு யார் யாருடையவோ பெயர். மூன்றாவது, சுரண்டியது. இதுதான், பெயரை அழித்துவிட்டார் என்று தீர்மானம் செய்தேன். அந்த வடுவில் நிறம் மங்கிப் பழுப்பேறியிருந்ததைக் கண் பார்த்தது, முன்பு நான் எடுத்துப் பார்த்த தட்டே இதுதான் என்று புத்திக்கு ஏறவில்லை. தட்டை என் கைப்பையில் போட்டுக்கொண்டு, பெட்டியை மூடி, நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன்.

அக்கா வந்தார். ரொட்டியைப் பீங்கானில் எடுத்து வைத்தார், வெண்ணெய் தடவினார். பெட்டிகள் பக்கம் ஒருதரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"பைய மடில வச்சு அமுக்காத. தட்டு வளைஞ்சிடும்."

எடுத்து மேசைமேல் வைத்தேன். எனக்கு வந்தது வெட்கம் இல்லை, ஆத்திரம்தான். அங்கிள் சொன்னதைக் கொட்டினேன். அந்த மனுஷரிடம் இருந்ததே அந்த ஒரு கையெழுத்து, அதைப் போய்ச் சுரண்டினீர்களே என்றேன். வானவடியையும் விடவில்லை.

அக்கா வெண்ணெய்க் கத்தியைக் கீழே வைத்தார். அந்தத் தட்டைத் தன் பக்கம் இழுத்து, வடுவை விரலால் தொட்டார். பன்னிரண்டு வயதில் ஒரு பார்ட்டிக்குத் தன் தட்டைக் கொடுத்ததாகவும், அதற்குப் பதில் திரும்பி வந்தது இது என்றும், வரும்போதே பெயர் சுரண்டித்தான் இருந்தது என்றும் சொன்னார். மாற்றியவர் யார் என்று இன்றுவரை தெரியாதாம். அவர் அதைச் சொல்லும்போதும் நான் அவர் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அது கிடக்கட்டும். அவர் எந்தப் பக்கம் பாத்தாரு?"

"எந்தப் பக்கம்னா?"

"தட்டுக்கு ரெண்டு பக்கம் இருக்குல்ல? எந்தப் பக்கத்து லேபிள்ல பேரு இல்லன்னாரு?"

முன்னால் தெரிந்த பக்கம் என்றேன்.

"நீ எடுத்துத் திருப்பிப் பாத்தியா?"

பார்க்கவில்லை. அங்கிள் தொடமாட்டார், அது அவர் துக்கம். எனக்கு என்ன வந்தது? நான்கு வருஷம் ஊரார் கையைக் காவல் காத்தவளுக்கு, ஒரு தட்டை எடுத்துத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

"பி பக்கத்துல எழுதியிருந்துச்சு. ஊதா இங்க், கீழ ஒரு கோடு. அந்தம்மாவுக்கு அந்தப் பக்கத்துப் பாட்டு பிடிச்சிருக்கும்போல. நான் ஏ பக்கம், ஹிட் பாட்டு இருக்கிற பக்கம், முன்னால வர்ற மாதிரி உறையில போட்டு வச்சேன். எந்த வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான் வைப்பேன்."

அக்கா எழுந்து உள்ளே போனார். புடவையை மாற்றிக்கொண்டு வந்தார். ஆட்டோ பிடித்தோம். எரவாடா தாண்டி விஷ்ராந்த்வாடி வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். எங்கள் கேட்டில் இறங்கினோம். நீ போய்ப் பார்த்துவிட்டு வா என்றார். உள்ளே வாருங்கள் என்றேன். "வந்தா இன்னொண்ண மாத்திட்டேன்னு ஆயிடும்," என்று சொல்லிவிட்டு ஆட்டோக்காரரை நிற்கச் சொன்னார்.

அங்கிள் பீரோவிலிருந்து சாவியை எடுத்து வந்தார். நான் தட்டை உறையிலிருந்து உருவித் திருப்பினேன். ஸ்டெல்லா, கோடு, எல்லாம் இருந்தன. அங்கிள் தொடவில்லை. குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, இவ்வளவு வருஷம் இதற்கு இன்னொரு பக்கம் இருப்பதே ஞாபகம் இல்லை என்று சொல்லிச் சிரித்தார், கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். பெயர் முன்னால் தெரிகிற மாதிரி வைத்துவிட்டுப் படியிறங்கி ஓடினேன்.

அக்கா ஆட்டோவுக்குள் உட்கார்ந்திருந்தார்.

"இருக்குக்கா," என்றேன். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது.

அக்கா நான் அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.

"அழாத. நான் எவரையும் நம்ப மாட்டேன்னு ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும். உன்ன நம்பினேன்னு யாருக்கும் தெரியாது. அதனால வெளியில எனக்கு ஒரு அசிங்கமும் இல்ல," என்றார்.

ஆட்டோ கிளம்பியது. அந்த அம்மாவை மேலே கூட்டி வாருங்கள், காபி போடுகிறேன் என்று அங்கிள் பால்கனியிலிருந்து என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.